போர்ட்டரம்மா வேலை பார்த்த ஸ்டேஷன்

மாஸ்டர் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து போர்ட்டர் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு ஐம்பத்திரண்டு எட்டு. எண்ணவேண்டும் என்று அவள் எண்ணவில்லை. ஒரே நாளில் பதினெட்டு தடவை சாமானைத் தூக்கிக்கொண்டு போய் வந்தால் கால் தானாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். மூன்று அறை, ஒரு கூடம், பின்கட்டில் குளியலறை என்று இருந்த வீட்டின் சாமான்களை ஒற்றை அறைக்குள் அடைக்க வேண்டும். பீரோ வாசல்படியைத் தாண்டவில்லை. அதை வெளியிலேயே விட்டுவிட்டாள். பிறகு ஒரு மழையில் அது ஊறி, கதவு விட்டுப்போய், கோழி அடையும் கூண்டாயிற்று.

கட்டிலைத் தூக்கும்போதுதான் பாயின்ட்ஸ்மேன் வந்து நின்றான்.

"ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன், மாஸ்டரம்மா."

அவள் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு முனையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். செம்மண்ணில் இரண்டு கோடு விழுந்தது. அவன் அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டுப் போய்விட்டான். அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு. மகளுக்கு மூன்று. கணவர் இறந்து நாற்பத்தைந்து நாள் ஆகியிருந்தது.

அந்த ஸ்டேஷன் கல்லுக்காகப் பிறந்த ஸ்டேஷன். நாலு மைல் தள்ளி இருந்த மலையை உடைத்து ஜல்லியாக்கி வெளியே அனுப்புவதற்காகப் போட்ட பாதையில், போகிற போக்கில் ஆட்களையும் ஏற்றிக்கொள்ளலாமே என்று ஒரு பிளாட்பாரம் கட்டினார்கள். காலையில் ஒரு பாசஞ்சர், மாலையில் ஒரு பாசஞ்சர், நடுவில் கல் வண்டி. மெயின் லைன் ஒன்று, அதை ஒட்டி வேகன்களை ஒதுக்கி நிறுத்த லூப் லைன் ஒன்று. ஒரு மாஸ்டர், தண்டவாளம் பிரிகிற பாயின்ட்டில் வண்டிக்குப் பாதை மாற்றிவிட ஒரு பாயின்ட்ஸ்மேன், ஒரு போர்ட்டர். டிக்கெட் கொடுப்பதும் மாஸ்டர்தான், கொடி காட்டுவதும் மாஸ்டர்தான். சுற்றுவட்டாரத்தில் கடிகாரத்தை நம்பிய ஒரே ஆள் அவர்தான் என்று ஜனங்கள் கிண்டல் செய்வார்கள்.

அவள் அங்கே மாஸ்டர் பெண்டாட்டியாக வந்து சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு. பாயின்ட்ஸ்மேனை அண்ணே என்று கூப்பிட்டாள். அவனும் உடன்பிறந்தவன் மாதிரிதான் இருந்தான். சந்தைக்குப் போனால் இவளுக்கும் சேர்த்துக் காய் வாங்கி வருவான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கல் வண்டியின் எஞ்சினில் ஏறிப்போய் மருந்து வாங்கி வருவான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. "பொண்ணு பாக்கட்டுமாண்ணே?" என்று இவள் கேட்டால், "பாயின்ட்டை மாத்துறதுக்கே எனக்கு நேரம் போதல. பொண்டாட்டி பேச்சை எங்க மாத்துறது?" என்பான்.

அந்த நாளுக்கு முந்தின நாள் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. பெரிய விஷயமில்லை. அவளுடைய தங்கை கல்யாணத்துக்குப் போக நாலு நாள் லீவு போடச் சொன்னாள். அவர் இரண்டு நாள் என்றார். அவள் அழுதாள். அவர் சாப்பிடாமல் எழுந்து டியூட்டிக்குப் போனார். அவளும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை விடிந்தும் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்பது மணி வாக்கில் அவளுக்கு மனசு கேட்கவில்லை. சமைத்துவைத்துவிட்டு, வேலிப்பக்கம் போன பாயின்ட்ஸ்மேனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. அவர் வந்து சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்னு சொல்லுங்க."

"வண்டி வர நேரமாச்சேம்மா."

"ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க. வண்டி ஓடியா போயிடும்?"

அவர் வந்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து, "நாலு நாளே போட்டுத் தொலைக்கிறேன், போதுமா?" என்றார். அவள் சிரித்தாள். மகள் வந்து அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டாள். பத்து நிமிஷம் இருக்கும். நாலு வருஷக் குடித்தனத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த பத்து நிமிஷத்தை அவளால் வேறு சொல்ல முடியாது. அதுதான் பின்னால் அவளைக் கொன்றது.

அன்று காலை ஏழு மணிக்குக் கல் ஏற்றிய ஏழு வேகன்களை லூப் லைனில் விட்டிருந்தார்கள். வேகன்கள் உள்ளே போனதும் பாயின்ட்டைத் திரும்ப மெயின் லைனுக்கு மாற்ற வேண்டும். மாற்றியதை மாஸ்டர் நடந்துபோய்க் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் கைகாட்டி சிக்னலை இறக்கி வண்டியை உள்ளே விடலாம். அன்று பாயின்ட் மாறவில்லை. யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை. கைகாட்டி மட்டும் இறங்கியது.

பாசஞ்சர் ஊதிக்கொண்டு வந்த சத்தம் கேட்டதும் அவர் தட்டை விட்டு எழுந்தார். கை கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவர் கையை நீட்டினார். அந்தச் சமயத்தில் சத்தம் கேட்டது. இடி மாதிரி என்று ஜனங்கள் சொன்னார்கள். அவளுக்கு அப்படிக் கேட்கவில்லை. யாரோ ஒரு பெரிய தகரக் கூரையை மெதுவாக, ஆற அமரக் கிழிப்பதுபோல் கேட்டது. நிற்கவே இல்லை.

லூப் லைனுக்குள் புகுந்து கல் வேகன்களில் மோதிய பாசஞ்சரில் செத்தது ஒன்பது பேர். முதல் பெட்டியில் ஏழு, எஞ்சினில் இரண்டு. அவர்களைப் பிளாட்பாரத்தில் வரிசையாகப் படுக்கவைத்து, டிக்கெட் ஆபீஸ் திரையையும் இவள் வீட்டுப் போர்வைகளையும் போட்டு மூடினார்கள். அவர் பாயின்ட் பக்கத்தில் போய் நின்றார். எச்சில் கை காய்ந்து போயிருந்தது. யார் பேசியும் அங்கிருந்து நகரவில்லை.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் தங்கிய தனிப் பெட்டியை நிறுத்த வேறு இடம் இல்லாததால் அதே லூப் லைனில்தான் நிறுத்தினார்கள். ஒவ்வொருவராகப் படியேறி உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

பாயின்ட்ஸ்மேன் சொன்னது இது. மாஸ்டர் ஸ்டேஷனில் இல்லை, வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, "பாயின்ட்டை நான் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது, வண்டி ஊதினால் கைகாட்டியை இறக்கிவிடு" என்றார். அவர் சொன்னபடி செய்தேன்.

மாஸ்டர் சொன்னது இது. நான் அப்படிச் சொல்லவில்லை. "பாயின்ட்டைப் பார்த்துவிட்டு இறக்கு" என்றுதான் சொன்னேன். வீட்டுக்குப் போனது உண்மை, ஐந்து நிமிஷம்.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். நடுவில் இருந்த நரைத்த தலைக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் அன்னிக்குக் காலைல வீட்டுக்கு வந்தாராம்மா?"

"வரலைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவரே வந்தேன்னு சொல்லியிருக்கார்."

"வரவே இல்லைங்க. அன்னிக்கு நான் அவரைக் கூப்பிடவும் இல்லைங்க."

கூப்பிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று தானாகவே போய்ச் சொன்ன கதைதான். அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்டாட்டி பொய் சொல்கிறாள் என்றால் புருஷன் சொல்வதில் மட்டும் எவ்வளவு உண்மை இருக்கும்? அவரைக் காப்பாற்றப் போய் அவர் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பையும் கெடுத்துவிட்டு அவள் படியிறங்கி வந்தாள்.

அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். பாயின்ட்ஸ்மேனை ஆறு மாதம் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டுத் திரும்ப அங்கேயே அனுப்புவதாக உத்தரவு. அவர் ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை, அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மகளுக்கு நகம் வெட்டிவிட்டார். ஓட்டில் ஒழுகிய இடத்தை அடைத்தார். ஒரு நாள் மத்தியானம் திடீரென்று சொன்னார்:

"டிவிஷன் ஆபீஸ் கிளார்க்கைப் பாத்தேன். என்னை டிஸ்மிஸ் பண்ற ஆர்டர் டைப் ஆயிடுச்சாம். கையெழுத்துதான் பாக்கி."

"மேல எழுதிப் போடலாம். ஏதாச்சும் பண்ணலாம்."

"டிஸ்மிஸ் ஆனா ஒண்ணும் கிடையாது. சர்வீஸ்ல இருக்கும்போதே ஒருத்தன் போயிட்டா வீட்டுல ஒருத்தருக்கு வேலை உண்டு. விதி எப்படி இருக்கு பாத்தியா?"

"எதுக்கு இப்போ இந்தப் பேச்செல்லாம்?"

"சும்மா சொன்னேன்," என்று சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, மாலைப் பாசஞ்சர் வருகிற நேரம். ஸ்டேஷனுக்கு அரை மைல் இந்தப் பக்கம் பாதை வளையும் இடத்தில் அவர் இறந்து கிடந்தார். பாதையோரமாக நடந்து போனார், ஊதியது காதில் விழவில்லை போலிருக்கிறது என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். கிட்ட வரும் வண்டியின் சத்தத்தை வைத்தே எஞ்சின் நம்பர் சொல்லக்கூடிய மனுஷர் அவர். டிரைவருக்கும் அது தெரியும். ஆனாலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். அந்த டிரைவர் மகராசனாக இருக்கட்டும்.

டிஸ்மிஸ் ஆர்டர் சனிக்கிழமை வந்தது. செத்தவரை வேலையிலிருந்து நீக்க முடியாது என்று திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். விசாரணை முடிவு மட்டும் நின்றது: விபத்துக்குப் பொறுப்பு ஸ்டேஷன் மாஸ்டர். வயதான போர்ட்டர் ஓய்வு பெற்ற சமயம். அந்த இடத்தில் அவளைப் போட்டார்கள்.

போர்ட்டர் வேலை என்றால் கூட்ட வேண்டும், மணி அடிக்க வேண்டும், பார்சல் இறக்க வேண்டும். சாயங்காலமானால் மண்ணெண்ணெய் டின்னும் திரியும் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் அரை மைல் நடந்து, கைகாட்டி மரத்தின் இரும்பு ஏணியில் ஏறி விளக்கு வைக்க வேண்டும். முதல் நாள் ஏணியின் பாதியில் தலை சுற்றி, இரும்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கீழே பாயின்ட்ஸ்மேன் நின்றிருந்தான். அந்த வாரம்தான் மாற்றல் முடிந்து திரும்பி வந்திருந்தான்.

"இறங்கிடுங்க. நான் வெச்சிடறேன்."

அவள் இறங்கவில்லை. ஏறி விளக்கை வைத்துவிட்டுத்தான் இறங்கினாள். அதற்கப்புறம் இருபத்தொரு வருஷம் தினமும் ஏறினாள்.

அந்த இருபத்தொரு வருஷத்தில் ஆறு மாஸ்டர்கள் வந்து போனார்கள். முதலில் வந்தவரின் மனைவிக்குப் பால்காரர், கடைக்காரர் எல்லோரும் இவளை மாஸ்டரம்மா என்று கூப்பிடுவது பிடிக்கவில்லை. "ஒரு ஸ்டேஷனுக்கு எத்தனை மாஸ்டரம்மா?" என்று கேட்டாள். ஒரு வாரத்தில் இவள் போர்ட்டரம்மா ஆகிவிட்டாள். பாயின்ட்ஸ்மேன் மட்டும் மாற்றவில்லை. அவன் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் பச்சைப் புண்ணில் உப்பைத் தடவியதுபோல் இருக்கும். அவனிடம் அவள் வேலைப் பேச்சு மட்டும்தான் பேசினாள். "வண்டி கிளம்பிடுச்சாம்." "சரி." "எண்ணெய் தீர்ந்துடுச்சு." "எழுதிப் போடுறேன்." இருபத்தொரு வருஷத்தில் அவர்கள் பேசியதையெல்லாம் எழுதினால் நாற்பது பக்க நோட்டில் பாதிகூட நிரம்பாது.

அவனுக்குக் கல்யாணம் ஆகவே இல்லை. ஒன்பது உசுரு போன இடத்தில் கைகாட்டியை இறக்கினவன் என்று பெண் கொடுக்க யோசித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

மகளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "எங்கப்பாதான் வண்டியை மோத விட்டாராம். ஒன்பது பேரைக் கொன்னாராம். நிஜமாம்மா?"

அவள் கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் பாயின்ட்ஸ்மேன் குனிந்து பாயின்ட் லீவருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"இல்ல. மோத விட்டது அந்த ஆளு. பழியைத் தூக்கி அப்பா மேல போட்டுட்டான்."

மகள் அழுகையை நிறுத்தினாள். பாதையில் கிடந்த ஜல்லிக் கல் ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக நடந்துபோய், பத்தடி தூரத்தில் நின்று எறிந்தாள். கல் நெற்றியில் பட்டது. அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தான், பிறகு தாயைப் பார்த்தான். குழாயடிக்குப் போய்க் கழுவினான். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, மாலை வண்டிக்குப் பாயின்ட் மாற்றினான். மாஸ்டர் கேட்டதற்கு லீவர் தெறித்துவிட்டது என்று சொன்னான். அவள் மகளைக் கண்டிக்கவில்லை. அன்று இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

பிறகு ஸ்டேஷன் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையானது. மலை தீர்ந்தது. மலை தீரும் என்று யாருமே நினைத்திருக்கவில்லை. ஒரு நாள் பார்த்தால் அங்கே தண்ணீர் தேங்கிய பள்ளம்தான் இருந்தது. கல் வண்டி நின்றது. ரோடு போட்டார்கள், பஸ் வந்தது. மாலைப் பாசஞ்சரை நிறுத்தினார்கள். ஆறாவது மாஸ்டர் மாற்றலாகிப் போனபோது ஏழாவது மாஸ்டர் வரவில்லை. மகள் படித்து, டவுனில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் முடிந்தது. கடைசியாக டிக்கெட் ஜன்னலின் மேல் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இந்தப் பாதையில் வண்டி ஓடாது.

கடைசி வண்டி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மாலை போடவோ படம் எடுக்கவோ யாரும் வரவில்லை. மூன்று பேர் இறங்கினார்கள், ஒரு கிழவர் ஏறினார். டிரைவர் புது ஆள். "இனிமே இங்க நிக்காதாமே?" என்றார். "ஆமாங்க," என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வண்டி போனதும் வழக்கம்போல் பிளாட்பாரத்தைக் கூட்டினாள். பாதி கூட்டிய பிறகுதான் இனி எதற்கு என்று தோன்றியது. ஆனாலும் மீதியையும் கூட்டி முடித்தாள்.

தண்டவாளமும் கட்டைகளும் ஏலம் போகும்வரை காவலுக்கு ஆள் வேண்டும் என்று அவர்கள் இருவரையும் அங்கேயே வைத்தார்கள். அப்படி மூன்று வருஷம். வண்டி இல்லை, மணி இல்லை, மாஸ்டர் இல்லை. பாதைக்கு நடுவில் எருக்கு முளைத்தது. மாஸ்டர் குவார்ட்டர்ஸின் கதவுகளை யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். அரை மைலுக்கு வேறு மனுஷவாடை கிடையாது. காலையில் அவன் ஒரு பக்கம் நடந்து பார்த்துவிட்டு வருவான், அவள் மறுபக்கம். "சரியா இருக்கு." "இங்கயும் சரிதான்." அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

மூன்றாவது வருஷம் அவனுக்கு இருமல் பிடித்தது. முதலில் காலையில் மட்டும் இருமினான், பிறகு நாள் முழுக்க. சட்டை தோளில் தொங்கியது. ஆஸ்பத்திரியில் நுரையீரல் போய்விட்டது என்றார்கள், கல் தூசியாக இருக்கலாம், பீடியாக இருக்கலாம். ஒரு நாள் முற்பகல் அவள் தன் பக்கம் நடந்து திரும்பியபோது, அவன் டிக்கெட் ரூமில், மாஸ்டர் நாற்காலி கிடந்த இடத்தில், தரையில் உட்கார்ந்திருந்தான்.

"மாஸ்டரம்மா, ஒரு நிமிஷம் உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு மாஸ்டர் என்கிட்ட பாயின்ட் சரியா இருக்குன்னு சொல்லல. பாத்துட்டு இறக்குன்னுதான் சொன்னாரு. நான் பாக்கல. ஏழு மணிக்கே மாத்திட்டேன்னு நெனைச்சுக்கிட்டேன். மாத்தல. மறந்துட்டேன்."

அவளுக்கு இது தெரியாத விஷயமில்லை. அவர் பொய் சொல்லமாட்டார் என்று எப்போதும் தெரியும். ஆனால் அதை அந்த வாயிலிருந்து கேட்டது இதுதான் முதல் தடவை. இருபத்துநாலு வருஷம் கேட்கக் காத்திருந்தது வந்துவிட்டது. வந்த பிறகு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"ஏன் இப்போ சொல்றீங்க? அப்போ சொல்லியிருந்தா அவர் இருந்திருப்பாரே?"

"ஜெயில்ல போடுவாங்கன்னு பயந்துட்டேன். மாஸ்டருக்குப் படிப்பு இருக்கு, எப்படியும் தப்பிச்சுக்குவாருன்னு நெனைச்சேன். இப்படி ஆகும்னு..." இருமல் வந்து அவனை மடக்கிப் போட்டது. அடங்க நேரமாயிற்று. "நாலு பக்கம் எழுதி வெச்சிருக்கேன். கையெழுத்து போட்டிருக்கேன். ஆபீஸ்ல குடுத்துடுங்க. மாஸ்டர் பேரு சுத்தமாகட்டும்."

அவள் காகிதத்தை வாங்கினாள். அங்கேயே நின்று படித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: மாஸ்டர் ஏதோ சொந்த வேலையாக வீட்டுக்குப் போனார்.

"இதென்ன, சொந்த வேலைன்னு எழுதியிருக்கு?"

அவன் தலை குனிந்துகொண்டான். "நீங்க கூப்பிட்டீங்கன்னு அன்னிக்கும் நான் யார்கிட்டயும் சொல்லல. எதுக்குப் போனாருன்னு அந்த அதிகாரி மூணு தடவை கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன். இப்போ மட்டும் எதுக்குங்க அது?"

அவள் அதற்கப்புறம்தான் உட்கார்ந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது தான் மட்டுமே என்று நினைத்திருந்தாள். மறைத்ததற்குக் காவல் நின்றவன் எதிரில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். அவனை வெறுக்கவும் முடியவில்லை, வெறுக்காமல் இருக்கவும் முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் டிவிஷன் ஆபீஸுக்குப் போனாள். நாலு மேஜை மாறி, ஐந்தாவது மேஜையில் ஒரு பெண் கிளார்க் உட்காரச் சொன்னாள். நல்ல பெண். நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தாள். முகம் மாறியது.

"அம்மா, இந்த விசாரணை ஃபைலெல்லாம் இவ்வளவு வருஷம் வெச்சிருக்க மாட்டாங்க. அழிச்சிருப்பாங்க."

"பரவாயில்லம்மா. இதை வாங்கி வெச்சுக்குங்க."

"எந்த ஃபைல்ல வைக்கிறது? உங்க ஸ்டேஷன் பேரை அடிச்சா கம்ப்யூட்டர்லயே வரல. லைன் மூடினப்பவே எடுத்துட்டாங்க."

"அப்போ என் வீட்டுக்காரர் மேல குத்தம்னு எழுதினது?"

"அதுவும் இல்லம்மா."

"அப்படின்னா அவர் மேல குத்தம் இல்லைன்னு ஆயிடுச்சா?"

கிளார்க் பேனாவை மூடினாள், திறந்தாள். "அப்படியும் எங்கயும் எழுதியிருக்காதும்மா."

அவள் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ வாங்கி, ஆறும்வரை கையில் வைத்திருந்து, குடிக்காமல் கீழே ஊற்றினாள்.

அவள் திரும்பி வருகிறபோது பாயின்ட்ஸ்மேன் பிளாட்பார பெஞ்சில் காத்திருந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"வாங்கிக்கிட்டாங்க."

"படிச்சாங்களா?"

"படிச்சாங்க. சீல் போட்டாங்க. மாஸ்டர் மேல தப்பில்லைன்னு எழுதிடுவாங்களாம்."

"என்னை என்ன பண்ணுவாங்களாம்?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வயசாயிடுச்சு, உடம்பும் சரியில்லைன்னு விட்டுட்டாங்க."

அவன் முகம் விழுந்துபோயிற்று. சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். ஏதாவது ஒரு தண்டனை வரும், அதை வாங்கிக்கொண்டு போய்ச் சேரலாம் என்று அவன் காத்திருந்திருக்கிறான் என்பது பிறகுதான் புரிந்தது. ஆனால் அதைக் கொடுக்க அவளிடம் ஆபீஸும் இல்லை, அதிகாரியும் இல்லை.

பதினோரு நாளில் அவன் போய்விட்டான். அந்தப் பதினோரு நாளும் அவள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், துணியை அலசினாள். மன்னித்துவிட்டாயா என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. பழைய பாதைக் கூலிகள் நாலு பேர் வந்து குழி வெட்டினார்கள். ஆபீஸுக்குத் தகவல் சொன்னாள். காவலுக்கு வேறு ஆள் கிடையாது, ஏலம் முடிந்தாகிவிட்டது, நீங்களும் மாற்றல் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அவள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தாள்.

சாமான் ஏற்ற மகள் வண்டி கொண்டு வந்தாள். பெட்டியைக் கட்டும்போது அந்த நாலு பக்கம் மகள் கையில் பட்டது. உட்கார்ந்து படித்தாள்.

"இவ்வளவு நாள் கழிச்சாவது ஒத்துக்கிட்டானே. அப்பா மேல துளி தப்பில்லை. நான் சின்ன வயசிலிருந்தே நம்பினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதென்னம்மா சொந்த வேலை? வண்டி வர நேரத்துல அப்பா எதுக்கு வீட்டுக்கு வந்தாரு?" என்றாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழகிய வாய்தான். இந்த ஒருத்தியிடமும் சொல்லாவிட்டால் இதை மண்ணுக்குள்தான் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, சொல்லிவிட்டாள்.

"நான்தான் கூப்பிட்டேன். சாப்பிட வரச் சொன்னேன். முந்தின நாள் சண்டை. வேண்டாம், வண்டி வர நேரம்னு அந்த ஆளு சொன்னாரு. நான் கேக்கல. விசாரணையில கூப்பிடவே இல்லைன்னு பொய் சொன்னேன்."

மகள் காகிதத்தை மடித்தாள். நாலாக மடித்ததை எட்டாக மடித்தாள். "சரிம்மா. பாத்திரமெல்லாம் எடுத்தாச்சா?" என்றாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. வண்டியில் அம்மாவை வசதியாக உட்காரவைத்தாள். வீட்டில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டுக் கொடுத்தாள், வேளைக்கு மருந்து கொடுத்தாள், குறை என்று ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் அப்பாவைப் பற்றி அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவே இல்லை. அவருடைய படம் கூடத்தில் இருந்தது. ஒரு நாள் அது மகளின் அறைக்குள் போய்விட்டது. திட்டியிருந்தால் தேவலை என்று தாய்க்குப் பல தடவை தோன்றியது.

தண்டவாளத்தைப் பெயர்க்க ஒப்பந்தக்காரருக்கு இருபது நாள்தான் ஆனதாம். கட்டிடத்தை யாரும் வாங்கவில்லை. கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிறது என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்த பழைய கூலி ஒருவர் சொன்னார். அவள் மகள் வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, யாரும் சொல்லாமலே, வாசலிலிருந்து தெருமுனைவரை கூட்டுவாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒரு நாள் கேட்டாள், "நீங்க எங்க வேலை பாத்தீங்க, பெரியம்மா?"

"ரயில்வேல."

"எந்த ஸ்டேஷன்?"

அவள் பேரைச் சொன்னாள். அந்தப் பெண் அப்படி ஒரு ஸ்டேஷனைக் கேள்விப்பட்டதில்லை என்றாள்.